மலாய் பெண்டிங், நியோன்யா வெள்ளிப் பட்டை: எதைப் பார்த்து வாங்குவது?

செட்டிநாட்டுப் பெட்டகம் எழுதியது:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு வெள்ளித் தகடுகள் வாங்கினேன். இரண்டும் ஒரே வீட்டுச் சாமான், மலேயாவில் கடை வைத்திருந்த குடும்பம் என்றார்கள். இரண்டுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர் "மலேயா ஒட்டியாணம்". எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. படம் ஏற்ற முடியவில்லை, அதனால் எழுதியே விவரிக்கிறேன்.

முதலாவது எட்டு மூலை வடிவம், உள்ளங்கை அகலம். நடுவில் நீண்ட வால் உள்ள பறவை, சுற்றிலும் பூ. விரலால் அழுத்தினால் வளைந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு மெல்லிய தகடு. ஓரம் முழுக்க ஊசித் துளைகள். பின்னால் கொக்கியும் இல்லை, வளையமும் இல்லை.

இரண்டாவது கண் மாதிரி வடிவம், இரண்டு முனையும் கூர்மை. அகலம் 11 செ.மீ. இருக்கும். நல்ல கனம், வயிற்றுக்குப் பொருந்துவதுபோல லேசான வளைவு. முகப்பில் கொடியும் பூவும் மட்டும், பள்ளங்களில் அங்கங்கே தங்கமுலாம் மிச்சம் இருக்கிறது. பின்னால் ஒரு தகடு வைத்து மூடியிருக்கிறார்கள். அதில் அரிசி அளவுக்கு ஒரு சீன எழுத்து முத்திரை. ஒரு ஓரத்தில் பட்டையான கொக்கி. இன்னொரு ஓரத்தில் நம் ஊர்த் திருகாணி!

இவை என்ன, எந்த ஊர்ச் சாமான், எந்தக் காலம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டர்வொர்த் வாசி எழுதியது:

பின்பக்கத்தையும் விவரித்தீர்களே, அதற்கே நன்றி. இங்கே கேள்வி கேட்பவர்கள் பத்துக் கோணத்தில் முகப்பைப் படம் எடுத்துப் போடுவார்கள். பின்பக்கம் கேட்டால் பதில் வராது. எனக்கு முகப்பு இரண்டாம் பட்சம். பூவையும் பறவையையும் யாரும் பார்த்துத் தட்டிவிடலாம். பட்டையை எப்படி மாட்டினார்கள், எங்கே தேய்ந்திருக்கிறது, எதை வைத்துப் பற்றவைத்தார்கள் என்பதெல்லாம் பின்னால்தான் இருக்கும்.

முதலாவது ஒட்டியாணமும் இல்லை, பக்கிளும் இல்லை. தலையணை முகப்பு. பாபா நியோன்யா வீடுகளிலும் (மலாய் வழக்கத்தோடு கலந்த சீன வம்சம், பெண்களை நியோன்யா என்பார்கள்) மலாய் வீடுகளிலும் கல்யாணக் கட்டிலை அலங்கரிக்கும்போது, தலையணையின் இரண்டு முனைகளிலும் இப்படிப்பட்ட வெள்ளித் தகட்டைத் துணியோடு சேர்த்துத் தைப்பார்கள். ஊசித் துளை அதற்குத்தான். இழுவை எதையும் தாங்க வேண்டியதில்லை, அதனால் தகடு மெல்லியதாக இருந்தால் போதும். ஜோடியாகத்தான் செய்வார்கள். இன்னொன்று அதே வீட்டில் கிடந்திருக்க வாய்ப்பு உண்டு, கடையில் போய்க் கேளுங்கள். நீண்ட வால் பறவை ஃபீனிக்ஸ், சீனக் கல்யாணச் சாமான்களில் மணப்பெண்ணுக்கு உரிய பறவை. அதை நான் நியோன்யா வீட்டுச் சாமான் என்றே எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவதுதான் பெண்டிங். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ கரையோரம் முழுக்க இந்தப் பெயர்தான். துணிப் பட்டையோ உலோகப் பட்டையோ, அதன் முன்பக்கம் தொப்புளுக்கு நேராக நிற்கிற பெரிய பக்கிள். ஆண் பெண் இருவரும் கட்டினார்கள். மலேசிய மாமன்னர் அரியணை ஏறும்போது அணியும் உடையில் இன்றைக்கும் தங்கப் பெண்டிங் உண்டு. கண் வடிவம், இலை வடிவம், சாய்சதுரம், எட்டு மூலை எல்லாமே இருக்கிறது. மலாய்ப் பிரபுக்கள் அணிந்த பழைய பெண்டிங்குகள் ஒரு சாணைக்கூடத் தொடும். நியோன்யாக்களுடையவை பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. உங்களுடையது 11 செ.மீ. என்பதால் அளவை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

இப்போதைக்கு இவ்வளவு. திருகாணி விஷயம் வேறு கதை, பொன்வேலை தெரிந்தவர்கள் வரட்டும்.


சும்மா வந்தவன் எழுதியது:

சீன முத்திரை இருக்கிறதே, அப்புறம் என்ன, நியோன்யா பெண்டிங்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?


பட்டர்வொர்த் வாசி எழுதியது:

இருக்கிறது. முத்திரை செய்தவனைத்தான் சொல்லும், அணிந்தவரைச் சொல்லாது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்று ஊரிலும் சீன வெள்ளிக் கொல்லர்கள் மலாய் வாடிக்கையாளர்களுக்கும் நிறையச் செய்து கொடுத்தார்கள். முஸ்லிம் வீட்டுக்குப் போகிற சாமான் என்றால் உயிருள்ள உருவத்தைத் தவிர்த்துவிட்டுக் கொடி, இலை, தாமரை, மூங்கில் குருத்து என்று போவார்கள். அதே பட்டறையில் அடுத்த ஆர்டர் நியோன்யாவுக்கு என்றால் ஃபீனிக்ஸ், சிலின் என்ற புராண விலங்கு, வௌவால், பட்டாம்பூச்சி, பியோனிப் பூ, சீனப் புராணத்து எட்டுச் சித்தர்கள் எல்லாம் வந்து உட்காரும்.

இவருடைய இரண்டாவது பொருளில் பூவும் கொடியும் மட்டும், உயிருள்ளது ஒன்றும் இல்லை. அதனால் சீனர் செய்து மலாய் வீட்டுக்குப் போனது என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன். நியோன்யாக்களும் பூ வேலைப்பாட்டை அணிந்தார்கள் என்பது உண்மைதான், அதனால் பெரிய தொகை கட்டமாட்டேன்.

சந்தையில் "நியோன்யா" என்று சீட்டு ஒட்டினால் விலை ஏறும். சிங்கப்பூரில் 2008இல் பெரனாக்கான், அதாவது நியோன்யாக்கள் போன்ற கலப்பு வம்சத்தாரின் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்தே இந்தக் காற்று அடிக்கிறது. 2024 டிசம்பரில் கெபாயா என்ற பெண்கள் மேல்சட்டையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பிறகு இன்னும் பலமாக அடிக்கிறது. புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்து நாடும் சேர்ந்து கேட்டு வாங்கியது அது. கெபாயா போட்டுக்கொள்கிறவர்கள் இடுப்புக்கும் ஒன்று தேடுகிறார்கள், அவ்வளவுதான் காரணம்.


உரைகல் எழுதியது:

கோயம்புத்தூரில் பட்டறை. வெள்ளியும் பொன்னும் எங்கள் குடும்பத் தொழில்.

திருகாணி பற்றிச் சொல்கிறேன். மூல வேலையில் அது இருந்திருக்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பட்டைக் கொக்கி இருந்து, ஒன்று உடைந்து அல்லது கழற்றப்பட்டு, இங்கே நம் ஆள் ஒருவர் ஒட்டியாணத்தில் பூட்டுவதற்காகத் திருகாணி வைத்திருப்பார். அந்த இடத்தில் பற்றாசின், அதாவது பற்றவைத்த உலோகத்தின் நிறத்தைப் பாருங்கள். பழைய பற்றாசு வெள்ளியோடு ஒன்றிப்போயிருக்கும். பின்னால் வைத்தது மஞ்சளாகவோ ஈயச் சாம்பலாகவோ தனியாகத் தெரியும். சூடு காட்டியிருந்தால் அதைச் சுற்றி முலாம் போயிருக்கும்.

நகாசு வேலையா வார்ப்பா என்பதையும் பார்த்துவிடுங்கள். தகட்டை அரக்கில் வைத்துப் பின்னாலிருந்து தட்டி எழுப்பி, முன்னாலிருந்து உளியால் கோடு போட்டது என்றால் உளியின் அடி ஒவ்வொன்றும் லென்ஸில் தெரியும், ஒரு இதழ் போல இன்னொரு இதழ் இருக்காது. வார்ப்பில் பள்ளங்கள் மழுங்கியிருக்கும், ஊசிமுனைக் குமிழிகள் இருக்கும். அச்சில் (டை) வைத்து அடித்ததில் இடது பாதியும் வலது பாதியும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். பின்தகடு வைத்து மூடியிருப்பதால் உட்பக்கம் பார்க்க முடியாது, அதனால் முன்பக்க உளி அடியைத்தான் நம்ப வேண்டும்.

வெள்ளியின் தரம் தெரிய, பக்கத்து நகைக்கடையில் கேரட் மீட்டரில், அதாவது உலோகக் கலவையைப் படிக்கும் கருவியில் வைத்துப் பாருங்கள். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் இருக்கும் இடத்தில் தங்கம் என்று காட்டும். சூடு காட்டி அமிலத்தில் வெளுத்த பழைய வெள்ளியில் மேல்தோல் உள்ளே இருப்பதைவிடச் சுத்தமாக இருக்கும், அங்கேயும் ஏமாறலாம். மறைவான ஒரு ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் நல்லது.

அந்தத் திருகாணியைக் கழற்றிவிட்டு மூலம் மாதிரியே ஒரு கொக்கி வைக்கலாம், கஷ்டமான வேலை இல்லை. நான் அப்படித்தான் செய்வேன்.


மலாக்கா முல்லை எழுதியது:

உரைகல் அண்ணா, தயவுசெய்து வேண்டாம். அந்தத் திருகாணியை வைத்துத்தான் இந்தப் பொருள் எங்கே போய் வந்தது என்று தெரிகிறது. மலேயாவில் சீனக் கொல்லன் செய்து, யாரோ ஒருவர் கட்டி, அப்புறம் செட்டிநாட்டுக்கு வந்து, இங்கே ஒரு அம்மாள் இடுப்பில் ஏறியிருக்கிறது. புதுக் கொக்கி வைத்தால் அது பழைய பெண்டிங் ஆகாது, பழைய பெண்டிங் போலச் செய்த ஒன்றாகிவிடும்.

எங்கள் மலாக்காவில் செட்டிகள் இருக்கிறார்கள். காஜா பெராங் கம்போங் செட்டிக்காரர்கள், பல தலைமுறைக்கு முன்னால் வந்து உள்ளூரில் கலந்த தமிழ் வம்சம். வீட்டில் மலாய் பேசுவார்கள். இந்து சமயத்தை விடவில்லை. 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. அந்தப் பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா, நியோன்யாக்களைப் போலவே. ஆக, தமிழ்க் குடும்பத்தில் கிடைத்தது என்பதாலேயே யாரிடமோ வாங்கி வந்தது என்று முடிவு கட்டத் தேவையில்லை, வீட்டிலேயே அணிந்ததாகவும் இருக்கலாம். இவருடைய விஷயத்தில் திருகாணி இருப்பதால் செட்டிநாட்டுப் பக்கம்தான் சாய்கிறது, அது சரி.


உரைகல் எழுதியது:

முல்லை அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் திருகாணி இழுக்கிற திசை வேறு, கொக்கி இழுக்கிற திசை வேறு. கட்டிக்கொண்டால் ஒரு பக்கம் தகடு கிழியும். பெட்டியில் வைக்கப் போகிறாரா, கட்டப் போகிறாரா என்று அவரே சொல்லட்டும். பெட்டிக்கு என்றால் நானும் கைவைக்க மாட்டேன்.


செட்டிநாட்டுப் பெட்டகம் எழுதியது:

பெட்டிக்குத்தான். என் மனைவிக்கு மட்டும் வேறு யோசனை இருக்கிறது.

கேரட் மீட்டர் பார்த்துவிட்டேன். பின்தகட்டில் வெள்ளி நூற்றுக்கு 90க்கு அருகில், மீதி செம்பு. முன்பக்கம் ஒரு இதழில் தங்கம் காட்டியது. திருகாணி இருக்கும் இடத்தில் துத்தநாகமும் சேர்ந்து வந்தது. பற்றாசு மஞ்சளாகத்தான் இருக்கிறது, உரைகல் சார் சொன்ன மாதிரியே. தலையணை முகப்புக்கு ஜோடி பற்றிக் கேட்டேன், "ஒன்று போன மாதம் ஒருவர் வாங்கிப் போனார்" என்றார்கள். இதைப் படிப்பவராக இருந்தால் தொடர்புகொள்ளுங்கள்!

முலாம் பழையதா புதியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?


பட்டர்வொர்த் வாசி எழுதியது:

90 என்றால் பொருத்தம்தான். அந்தக் காலத்தில் கொல்லர்களுக்குக் கையில் கிடைத்த வெள்ளி வெள்ளி டாலர் காசுதான், அதன் தரமும் 90. காசை உருக்கியே செய்திருக்க நிறைய வாய்ப்பு. அதற்காக 90 என்று வந்த எல்லாம் பழையது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

முலாம்: பழையது பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசிச் சூடு காட்டியது. தடிமனாக, கொஞ்சம் ஏறியும் இறங்கியும் இருக்கும். உடம்பில் உரசும் மேடுகளில் தேய்ந்து பள்ளங்களில் தங்கும். மின்சார முலாம் 1840களுக்குப் பிறகு வந்தது, இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு இன்னும் தாமதமாக. அது எல்லா இடத்திலும் ஒரே சீராக, பின்பக்க மூலைகளில்கூட ஏறியிருக்கும். உங்களுடையது பள்ளத்தில் மட்டும் மிச்சம் என்றீர்கள், நல்ல அறிகுறி. ஆனால் தேய்வு தேய வேண்டிய இடத்தில் இருக்கிறதா பாருங்கள். பெண்டிங் உரசுவது கையும் துணியும் படுகிற முன் மேடுகளிலும், பின்னால் கொக்கியின் உள் வளைவிலும். கொக்கியின் உள் வளைவு புத்தம் புதிதாக இருந்து முகப்பு மட்டும் தேய்ந்திருந்தால் யாரோ அரத்தாளால் வயது ஏற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தூசு போக வேண்டுமென்றால் பூந்திக்கொட்டை நீரும் மெல்லிய தூரிகையும் போதும்.


சும்மா வந்தவன் எழுதியது:

என்னிடமும் ஒன்று இருக்கிறது, பாங்காக்கில் வாங்கியது. கறுப்புப் பின்னணி, வெள்ளியில் நடனப் பெண், பின்னால் "சியாம் ஸ்டெர்லிங்" என்று ஆங்கிலத்தில் முத்திரை. சியாம் என்ற பெயரை 1939இலேயே மாற்றிவிட்டார்கள், ஆகவே அதற்கு முந்தையது என்று விற்றவர் கணக்கு சொன்னார். இதுவும் பெண்டிங்தானா?


பட்டர்வொர்த் வாசி எழுதியது:

பெண்டிங் இல்லை, சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்த தாய்லாந்து பக்கிள். அழகான பொருள்தான், ஆனால் அந்தக் கணக்கு நிற்காது. 1945க்குப் பிறகு சில ஆண்டுகள் நாடு மறுபடி சியாம் ஆனது, 1949இல்தான் தாய்லாந்து என்று நிலைத்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பட்டறைகள் அந்த முத்திரையை விடவில்லை. சியாம் என்று போட்டால் வெளிநாட்டுக்காரன் வாங்குவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன.

ஆனால் அந்தக் கறுப்பு வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது அது. நியெல்லோ என்பார்கள், மலாயில் சூத்தாம், தாய்லாந்து மொழியில் தொம். வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் கந்தகத்தோடு உருக்கினால் கறுப்பான ஒரு கலவை வரும். வெள்ளியில் பின்னணியைச் செதுக்கிப் பள்ளமாக்கி, இந்தக் கலவையைப் பொடித்து நிரப்பி, சூட்டில் உருகவைத்து, ஆறியபின் தேய்த்துச் சமன் செய்வார்கள். கறுப்பும் வெள்ளியும் ஒரே தளத்தில் வழவழப்பாக நிற்கும். இதில் பேர்போன ஊர் தெற்குத் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட். பட்டாணி, கிளந்தான், திரெங்கானு பக்கம் கிடைக்கும் பழைய நியெல்லோ பெண்டிங்குகள் இந்த மரபைச் சேர்ந்தவை. நடனப் பெண் எல்லாம் இருக்காது. கொடியோ, வடிவக் கோலமோ, சிலவற்றில் அரபு எழுத்து வாசகமோ இருக்கும். காப்பாக அணிந்தவை அவை.

போலியில் கறுப்பு வெறும் பெயின்ட் அல்லது எனாமல். நகக்கண்ணால் ஓரத்தைத் தடவினால் பள்ளமோ மேடோ தட்டுப்படும். உண்மையான நியெல்லோவுக்கு ஈயம் கலந்த சாம்பல் மினுக்கு இருக்கும், பெயின்டுக்கு அது வராது. முக்கியமாக, கடையில் விற்கும் வெள்ளி சுத்தம் செய்யும் திரவத்தில் முக்கக் கூடாது. அந்தத் திரவம் வெள்ளியின் கறுப்பை, அதாவது சல்பைடைத்தான் கரைக்கும். நியெல்லோவே சல்பைடுதான். வேலைப்பாட்டையே அரித்துவிடும்.


மலாக்கா முல்லை எழுதியது:

பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று. இதய வடிவில் அல்லது இலை வடிவில், மேல்பக்கம் மட்டும் ஒரு வளையம் உள்ள சின்ன வெள்ளித் தகட்டைப் பக்கிள் என்று சொல்லி விற்கிறார்கள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில்கூடக் கேட்டிருக்கிறேன். அது சாப்பிங், சிறு பெண் குழந்தைகளுக்கு இடுப்புக் கயிற்றில் கட்டுவது. நம் ஊர் அரைமூடிதான். தாய்லாந்திலும் உண்டு, சுலவேசியின் புகிஸ் மக்களிடம் ஜெம்பாங் என்று உண்டு. வசதி இல்லாதவர்கள் தேங்காய்ச் சிரட்டையில் செய்தார்கள். பின்பக்கம் வழவழப்பாக உட்குழிந்திருக்கும், ஓரம் குழந்தையின் தோலில் கீறாதபடி உருட்டியிருக்கும். சில வியாபாரிகள் வளையத்தை அரம் போட்டு எடுத்துவிட்டுப் பின்னால் கொக்கி வைத்துவிடுகிறார்கள். மேல் நடுவில் அரம் போட்ட தழும்பு தேடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியோன்யாவின் வெள்ளிப் பட்டை வெளியே தெரிவதற்கென்று மட்டும் அணிந்ததில்லை. பாஜு பாஞ்சாங் என்ற பழைய நீள அங்கி முழங்கால் வரை தொங்கும், பட்டை அதற்குள்ளே சாரோங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பட்டையின் கண்ணிகள் தேய்ந்திருக்க வேண்டும். கண்ணிகளைக் கோக்கும் வளையங்கள் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். எல்லா வளையமும் முழு வட்டமாக இருந்தால் பாவித்த பட்டை இல்லை. துக்க காலத்தில் தங்கமும் வைரமும் ஒதுக்கி வெள்ளியும் முத்தும் அணிவது வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு எந்த வெள்ளிப் பட்டையைக் காட்டினாலும் "துக்கப் பட்டை, அபூர்வம்" என்கிறார்கள். வெள்ளிப் பட்டை அன்றாடம் கட்டுவது, அதில் அபூர்வம் ஒன்றும் இல்லை.


செட்டிநாட்டுப் பெட்டகம் எழுதியது:

பட்டையும் பக்கிளும் ஒரே செட்டாகக் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது? சென்னையில் ஒருவர் அப்படி ஒன்றைக் காட்டுகிறார். பக்கிள் செம்மஞ்சள் நிறம், கற்கள் பதித்தது, ஆச்சே என்கிறார். பட்டை வெள்ளிச் சங்கிலிப் பின்னல்.


பட்டர்வொர்த் வாசி எழுதியது:

ஆளுக்கு ஒரு ஊரில் பெண் எடுத்துக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார் போல. பக்கிள் சுமத்ராவின் ஆச்சேயாக இருக்கலாம். செம்மஞ்சள் என்றால் சுவாசா, தங்கமும் செம்பும் கலந்தது. ஆச்சேக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்த உலோகம். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இதே மாதிரிக் கலவைக்கு நாக் என்று பெயர். சுவாசாவில் தங்கம் எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறும், வெறும் செம்புக்கு மேல் தங்கமுலாம் போட்டதும் சுவாசா என்ற பெயரில் போகும். ஆகவே உரைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பட்டை எங்கிருந்தோ வந்தது. பிரித்துச் சேர்ப்பது சந்தையில் சர்வ சாதாரணம். பக்கிளின் பின் கொக்கி எவ்வளவு அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறது, பட்டையின் முனை எவ்வளவு அகலம் என்று அளந்து பாருங்கள். ஒன்றாகப் பிறந்தது என்றால் இடைவெளி இருக்காது.

சேர்த்துவைத்தது என்று தெரிந்தே வாங்கலாம், எனக்கு அதில் தீட்டு இல்லை. செட் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஜாவா ஆண்கள் கிரிஸ் குத்துவாள் சொருகும் பட்டைக்கு எப்பேக் என்று பெயர். அதில் மாட்டும் பக்கிளான திமாங், செவ்வகமாகச் சின்னதாக இருக்கும். அதை யாரும் பெண்டிங்கோடு குழப்புவதில்லை. சுமத்ராவில் கோத்தோ காடாங் கம்பி வேலையைப் பார்த்தால் கண்ணே சொல்லிவிடும். இவற்றுக்குத் தனி இழையே போடலாம்.


உரைகல் எழுதியது:

கேரட் மீட்டர் இல்லாத இடத்தில் தண்ணீரில் எடை பார்க்கலாம். உதாரணமாக, காற்றில் 86 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கத் தொங்கவிட்டால் எடை 8.3 கிராம் குறைகிறது. 86ஐ 8.3ஆல் வகுத்தால் 10.36. நல்ல வெள்ளி 10.3 முதல் 10.5 வரை வரும். பித்தளை, ஜெர்மன் சில்வர் எல்லாம் எட்டரையைச் சுற்றியே நிற்கும். ஆனால் இவருடைய பெண்டிங் போலப் பின்தகடு மூடியதற்கு இது ஒத்துவராது. உள்ளே காற்றோ அரக்கோ இருந்தால் கணக்கு கெட்டுவிடும். தண்ணீர் உள்ளே போய் நின்றுவிட்டால் அது வேறு தொல்லை. திறந்த தகடு, சங்கிலிப் பட்டை இவற்றுக்கு மட்டும்.


பட்டர்வொர்த் வாசி எழுதியது:

கண் பழக வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஆர்மீனியன் தெருவில் பெரனாக்கான் அருங்காட்சியகம், 2023இல் புதுப்பித்துத் திறந்தது. பினாங்கில் சர்ச் தெருப் பெரனாக்கான் மாளிகை, கோலாலம்பூரில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். எல்லாம் அருமை, ஆனால் கண்ணாடிக்குள் முகப்பைத்தான் பார்க்க முடியும். பின்பக்கம் கற்க சந்தைக்குத்தான் போக வேண்டும். சிங்கப்பூர் சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடியாயிற்று. பினாங்கில் லோரோங் கூலிட், ஜகார்த்தாவில் சுரபாயா சாலை இருக்கின்றன. அங்கே குவியலில் பெரும்பாலும் மலாய்க் கல்யாணத்துக்கும் நடனத்துக்கும் அடித்த பித்தளைப் பக்கிள்கள். அவற்றையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், புதியது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பழையது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் சிவப்பில் தந்தம் போல ஒரு பொருளில் செதுக்கிய சீன பக்கிள் கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள். போர்னியோ, சுமத்ராக் காடுகளில் வாழும் ஒரு பெரிய இருவாச்சியின் அலகுக் கொண்டை அது. பறவை அழிவின் விளிம்பில் இருக்கிறது, பன்னாட்டு வணிகத்துக்கு முழுத் தடை. மலேசியாவிலிருந்து மரபுப் பொருள் வெளியே கொண்டுபோக 2005 சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய, பழைய பெண்டிங் என்றால் ரசீதோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


வெள்ளிக்காசு எழுதியது:

தாமதமாக வருகிறேன். காசு சேர்ப்பவன், இடுப்புப் பட்டை வழியாக இங்கே வந்தேன். என்னிடம் வந்தது சரவாக் இபான் பழங்குடிப் பெண்கள் கட்டும் காசுப் பட்டை. சாரோங் மாதிரியான காயின் கெபாட்டுக்கு மேல், இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. வெள்ளித் தகட்டில் செய்த லாம்பிட் பட்டை வேறு, இது வளையம் வைத்து வெள்ளி டாலர்களைக் கோத்தது.

காசுப் பட்டையில் எல்லோரும் மிகப் பழைய ஆண்டைத் தேடி அதையே பட்டையின் வயது என்கிறார்கள். தலைகீழ்! மிகப் புதிய காசு எதுவோ அதற்கு முன்னால் பட்டை பிறந்திருக்க முடியாது, அவ்வளவுதான் காசால் சொல்ல முடியும்.

எடை பார்க்கலாம். 1903இல் வந்த நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) டாலர் 26.95 கிராம், தரம் 90. 1907இல் அதையே 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919, 1920 டாலர் 16.85 கிராம், தரம் 50தான். பிரிட்டிஷ் வணிக டாலர் 1895 முதல் 1935 வரை, எடை 26.95. ஒரு பக்கம் சூலம் பிடித்து நிற்கும் பிரிட்டானியா, மறுபக்கம் சீனத்திலும், ஜாவி என்ற அரபு எழுத்து மலாயிலும் 'ஒரு டாலர்' என்று இருக்கும். சூலத்தின் நடு முனையில் பி என்ற எழுத்து இருந்தால் பம்பாயில் அடித்தது, நம் ஊர்க் காசு! வணிக டாலரில் போலி ஏராளம். வளையம் பற்றவைத்திருப்பதால் எடை கொஞ்சம் கூடத்தான் வரும். குறைந்தால் சந்தேகப்படுங்கள்.


சும்மா வந்தவன் எழுதியது:

அந்தக் காசுகளைத் தனித்தனியாகக் கழற்றி விற்றால் லாபமா?


வெள்ளிக்காசு எழுதியது:

நஷ்டம். பற்றவைத்த தழும்பு உள்ள காசை எந்தச் சேகரிப்பாளரும் காசு விலைக்கு எடுக்கமாட்டார், உருக்கு விலைதான். 1980 ஜனவரியில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது உலகம் முழுக்கப் பழைய வெள்ளி உலைக்குப் போனது. அந்த வரிசையில் இப்போது நீங்களும் நிற்க வேண்டாம். பட்டையாக வைத்திருந்தால் துணி ஆபரணம் சேர்ப்பவர்கள் வாங்குவார்கள். நூலோ கம்பியோ அறுந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், காசின் வரிசையைக் கலைக்காதீர்கள்.